தண்ணீரைக் கேட்காத பட்டியல்

என் நாத்தனாரோடு லிஃப்டில் ஏறவே கூடாது. ஐந்து மாடி ஏறுவதற்குள் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பிடித்து, "உங்க வேலையில எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டார். "பல்லைப் பிடுங்கறப்ப வர்ற சத்தம் உங்களுக்கும் கேக்குமா, இல்ல எங்க மண்டைக்குள்ள மட்டும்தானா?" அந்த மனுஷர் தான் இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டு எங்களோடு மேலே வரைக்கும் வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. இவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதற்கப்புறம் என் மானத்தைப் பற்றி இவருக்கென்ன.

முறைக்கு என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. ஐம்பத்திரண்டு வயது. எங்களுக்கு மேல் வீட்டில் குடியிருக்கிறார். போதாததற்கு ஒரே கட்டடத்தில் வேலை. துறைமுக அலுவலகத்தில் மூன்றாவது மாடியில் நான் கடிதங்களும் அறிவிப்புகளும் அடிக்கிறேன். ஐந்தாவது மாடியில் அவர் ரேடியோ அறையில் உட்கார்ந்து வருகிற போகிற கப்பல்களோடு பேசுகிறார். இருபத்து மூன்று வயதில் டெலிபோன் ஆபரேட்டராக உள்ளே நுழைந்தவர், பேசிப் பேசியே மேலே போய்விட்டார் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கேப்டன் இருமினால் போதும், எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவார். அந்தக் கேப்டனுக்கு ஜலதோஷம் என்றால் மருந்தும் சொல்லுவார்.

அந்த அறையில் இரண்டு திரைகள். ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன முக்கோணம், பக்கத்திலேயே அதன் வேகம் எண்ணாக ஓடும். துறைமுகத்துக்கு வர வேண்டுமென்றால் கரைக்கும் ஒரு தீவுக்கும் நடுவே இருபது மைல் குறுகலான கடல்வழியாகத்தான் வர வேண்டும். நாங்கள் அதைக் கால்வாய் என்போம். வருடத்தில் நான்கு மாதம் திமிங்கிலங்களும் குட்டிகளோடு அதே வழியாகத்தான் போகின்றன. டால்பின்களும் உண்டு, ஆனால் அவை சூட்டிகை, கப்பலைப் பார்த்தால் விலகிவிடும். திமிங்கிலத் தாய் அப்படி இல்லை. குட்டியால் ரொம்ப நேரம் மூச்சைப் பிடிக்க முடியாது, அதனால் தாயும் அதோடு மேல்தண்ணீரிலேயே கிடக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணி சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லித்தான். எல்லாம் ஆரம்பித்தது மூன்று வருடத்துக்கு முன்னால். ஒரு பெரிய கப்பல் பகல் பதினோரு மணிக்கு உள்ளே வந்தது. வழக்கம்போல அண்ணிதான் ரேடியோவில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். இழுவைப் படகுக்காரர் கிட்டே போனவர், "கன்ட்ரோல், கப்பல் மூக்குல ஏதோ மாட்டியிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உயிரில்ல" என்றார். பஸ் நீளத்துக்கு ஒரு திமிங்கிலம், கப்பலின் முன்பக்கத்தில் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேப்டன் நல்ல மனுஷர்தான். "ரெண்டு நாளா கப்பல் கொஞ்சம் மந்தமா இருந்துச்சும்மா. அவ்வளவுதான் தெரிஞ்சுது" என்றார்.

அன்றிலிருந்து அண்ணிக்கு இரண்டே கேள்விகள். அவ்வளவு பெரிய உயிரின் மேல் மோதியது கப்பலில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அவ்வளவு பெரிய கப்பல் வருவது அதற்கு ஏன் கேட்கவில்லை? கப்பலை உள்ளே ஓட்டி வருகிற பைலட்டுகளைக் கேட்டார், இன்ஜினியர்களைக் கேட்டார், கடலடிச் சத்தத்தைப் பதிவு செய்கிற ஆராய்ச்சிக்காரி ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கேட்டார். எப்போதும் காதில் ஹெட்போனோடு திரிவதால் அந்தப் பெண்ணுக்கு எங்கள் அலுவலகத்தில் காதுக்காரி என்று பெயர். முப்பத்தைந்து வயது, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். வீட்டில் இல்லாத அமைதிக்காகத்தான் கடலுக்கடியில் மைக் போட்டேன் என்பாள்.

அவள் சொன்ன பதில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கப்பலின் சத்தமெல்லாம் பின்னால் சுழல்கிற விசிறியில்தான். முன்பக்கத்தில் அந்த நீண்ட உடம்பே சத்தத்தை மறைத்துவிடுகிறது. பக்கவாட்டில் போகிற கப்பல் காதைப் பிளக்கும், நேரே வருகிற கப்பல் கடைசி வரைக்கும் சரியாகக் கேட்காது.

"அப்போ என்னதான் வழி?" என்றார் அண்ணி.

"மெதுவா வந்தா நகர நேரம் கிடைக்கும். சத்தமும் குறையும். ஒண்ணோட குரல் ஒண்ணுக்குக் கேக்கும்" என்றாள் காதுக்காரி.

அண்ணி பிடித்துக்கொண்டார். பிடித்தால் விடுகிற ஜாதியா அவர்? இரண்டு வருடம் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கடைசியில் துறைமுகத் தலைவர் தொல்லை பொறுக்காமல் ஒரு ஏற்பாடு செய்தார். அந்த நான்கு மாதமும் கால்வாயில் கப்பல்கள் பத்து நாட் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். கப்பல்காரர்களின் கணக்கில் பத்து நாட் என்றால் சைக்கிளை நன்றாக மிதிக்கிற வேகம். ஆனால் இது வேண்டுகோள், உத்தரவு இல்லை. ஒரு வருடம் சோதனை. வருடக் கடைசியில் பன்னிரண்டு கப்பல் கம்பெனி ஏஜென்ட்களும் உட்கார்ந்து, தொடரலாமா விட்டுவிடலாமா என்று கை தூக்குவார்கள்.

உத்தரவு போட அதிகாரம் இல்லாதவர் என்ன செய்வார்? கெஞ்சுவார், கொஞ்சுவார், குத்திக்காட்டுவார். "கேப்டன், பதிமூணு காட்டுது. மெதுவா வாங்க, துறைமுகம் எங்கயும் ஓடிப் போகாது." "கேப்டன், யாரு துரத்தறா உங்களை? மெதுவா." இப்படித்தான் மெதுவா அக்கா என்ற பெயர் வந்தது. கொஞ்ச நாளில் இழுவைப் படகுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே "மெதுவா, மெதுவா" என்று அவர் குரலில் பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கெஞ்சினால் எவ்வளவு தூரம் நடக்கும்? அப்போது ஒரு யோசனை வந்தது. என்னுடைய யோசனை, மறைத்து என்ன ஆகப்போகிறது. "அண்ணி, பட்டியல் போட்டுடலாம். ஒழுங்கா வந்தவங்க பச்சை, ஓடி வந்தவங்க சிவப்பு. திங்கட்கிழமை திங்கட்கிழமை கீழ ஒட்டிடறேன். எல்லா கம்பெனிக்கும் ஒரு காப்பி." ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்காத இனம் கேப்டன் இனம். அது பிரமாதமாக வேலை செய்தது. பச்சையில் வந்தவர்கள் பட்டியலைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிவப்பில் வந்தவர்கள் எங்கள் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

தொடர்ந்து ஆறு வாரம் சிவப்பில் முதலிடம் ஒரே ஆளுக்கு. சிவப்பு வண்ணமடித்த ஒரு பழைய சரக்குக் கப்பல், இருபத்திரண்டு வருடக் கிழம். அதன் கேப்டன் ஒரு முசுடு. இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். எப்போதும் பன்னிரண்டு, பதிமூன்று. ஆறாவது வாரம் அண்ணி பொறுமை இழந்துவிட்டார்.

"கேப்டன், எத்தனை தடவை சொல்றது? பதிமூணு காட்டுது."

"நான் பத்துதான் போறேன். தண்ணி தள்ளுது" என்றார் முசுடு.

"எல்லாரையும் தள்ளுற தண்ணிதானே கேப்டன்? உங்களை மட்டும் தனியா வந்து தள்ளுதா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார் அண்ணி. ரேடியோ என்பது பொதுவழி. கால்வாயில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். யாரோ ஒருவர் மைக்கை அமுக்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்ததும் கேட்டது. அந்த வாரமே முசுடு கேப்டனுடைய கம்பெனி அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, என் பட்டியலை இணைத்து. இன்னொருமுறை பெயர் வந்தால் கரையில் உட்கார வேண்டியதுதான் என்று அதில் இருந்ததாம்.

அந்தச் சமயத்தில்தான் காதுக்காரி தன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். டீ குடிக்கிற நேரம்.

"அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. உங்க பட்டியல் ஒண்ணு சொல்லுது, என் மைக் வேற ஒண்ணு சொல்லுது" என்றாள். "கால்வாயில போற கப்பல்லயே அமைதியான கப்பல் எது தெரியுமா? அந்தச் சிவப்புக் கிழம். உங்க பச்சைப் பட்டியல்ல பாதிப் பேர் இருக்காங்களே, அவங்க வர்றப்ப என் காது கிழியுது."

"உன் மைக் கெட்டுப்போச்சு" என்றேன் நான்.

"மூணு மைக் இருக்கு. மூணும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி கெட்டுப்போகுமா?"

அண்ணி டீயை அப்படியே வைத்துவிட்டார். அவர் கண்ணில் அந்த லிஃப்ட் பார்வை வந்துவிட்டது.

கிழத்துக்குப் புது விசிறி மாட்டியிருக்கிறார்களோ? விசாரித்தார்கள், இல்லை. சரக்கு குறைவோ? இல்லை, முழுச் சரக்கு. மூன்று நாள் இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். கடைசியில் அண்ணி, "தண்ணி தள்ளுதுன்னு சொன்னாரே அந்த ஆளு" என்று மெல்லச் சொன்னார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ரேடியோவைத் தவிர யாரோடும் அவர் பேச்சே எடுக்கவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் அவர் வாய் மூடியிருந்த முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் மேல் வீட்டுச் சமையலறை. அண்ணியின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், லிஃப்டும் எஸ்கலேட்டர் என்கிற நகரும் படியும் பழுது பார்க்கிற மெக்கானிக். கடை கடையாகப் போய்ப் பல் உடைந்த படிகளைக் கழற்றிப் போடுகிறவர். கைகளைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் அண்ணி கேட்டார்.

"ஏங்க, நகரும் படியில ஒரு ஆளு நடக்கறான். அவன் எவ்வளவு வேகமா நடக்கறான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"எந்தப் படியில? அவன் போற பக்கமே போற படியா, எதிர்ப்படியா?"

"அதுல என்ன வித்தியாசம்?"

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "வித்தியாசம்தான் எல்லாமே. இறங்கற படியில ஒரு பையன் மேல ஏறி ஓடறான்னு வெச்சுக்க. தடதடன்னு மிதிக்கறான், படி உடையுது, என் பொழப்பு நாறுது. ஆனா சுவத்துல இருந்து பாரு, நத்தை மாதிரிதான் நகர்றான். அதே ஒரு ஆளு அவன் போற பக்கம் போற படியில சும்மா ரெண்டு அடி எடுத்து வைக்கறான், சுவத்துல இருந்து பாத்தா பறக்கறான். காலு எவ்வளவு வேகம்னு படியைக் கேக்கணும். சுவரைக் கேட்டா பொய்தான் சொல்லும்."

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் புரிந்துவிட்டது, புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எங்கள் திரையில் ஓடுகிற எண் செயற்கைக்கோள் தருவது. அது தரையை வைத்து அளக்கிறது. கால்வாயில் கடல் ஏறும்போது தண்ணீர் ஒரு பக்கமும், இறங்கும்போது மறுபக்கமும் ஓடும், சில நாள் மூன்று நாட் வேகத்தில். முசுடு கேப்டன் அனுபவஸ்தர். தண்ணீர் தன் பக்கம் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைவார். அவர் தண்ணீரில் பத்து போனால் திரையில் பதிமூன்று. பச்சைப் பட்டியல் வீரர்கள் எதிர்த் தண்ணீரில் பதிமூன்று போட்டு முட்டிக்கொண்டு வந்தார்கள். திரையில் அது சமத்தாகப் பத்து என்று காட்டியது. அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களும் அதே எண்ணைப் பார்த்துத்தான் ஓட்டினார்கள்.

"திமிங்கிலம் தண்ணிக்குள்ளதானே இருக்கு. நான் தரையில உக்காந்து அளந்திருக்கேன்" என்றார் அண்ணி.

அடுத்த நான்கு நாள் எனக்குச் சாப்பாட்டு இடைவேளை என்று ஒன்று இல்லை. நீரோட்ட அட்டவணையை நான் படிக்க, அவர் ஒவ்வொரு கப்பலுக்கும் கூட்டியும் கழித்தும் எழுதினார். இருநூற்றுப் பதினான்கு பயணம். அதில் அறுபத்தொன்று தப்பான பக்கத்தில் இருந்தது. தாயும் குட்டியும் கிடக்கிற நேரத்தில், நாங்களே கைதட்டிப் பாராட்டி, இரைச்சலை அவற்றின் தலைமேல் ஓட்டியிருக்கிறோம்.

ஏஜென்ட்கள் கை தூக்குகிற கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணி, இதை இப்போ வெளியில சொன்னா ஒரு ஆளு கை தூக்க மாட்டான். மூணு வருஷ உழைப்பு தண்ணியில போயிடும். கூட்டம் முடியட்டும். அடுத்த வருஷம் நைசா கணக்கை மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் அந்த மனுஷன் பேரு?"

"ஒரு மாசம்தானே."

"நீயா இருந்தா ஒரு மாசம் பொறுப்பியா? குழம்புல உப்பு கூடன்னு உன் மாமியார் சொன்னதுக்கு நீ ரெண்டு வாரம் பேசல."

அவருடைய அம்மாதான் என் மாமியார், அந்தச் சலுகையில் சொல்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காக நான் நாலு நாள் பட்டினி கிடந்தேன்? இரண்டு நாள் நாங்கள் ஒரே லிஃப்டில் போய் ஒரே லிஃப்டில் வந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. அந்தப் பட்டியல் என் யோசனை, ஒட்டிய கை என் கை. அதை ஒத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரே தலைவரிடம் போனார். ஏஜென்ட்களை அவசரமாகக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர் முன்னால் அண்ணி எழுந்து நின்று, பூசி மெழுகாமல், "என் கணக்கு தப்பு" என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் இடி எழுந்துவிட்டார். சிவப்புக் கிழத்துக்கு அவர்தான் ஏஜென்ட். குரலை வைத்து அவருக்கு இடி என்று பெயர்.

"என் கேப்டனுக்கு நோட்டீஸ் வாங்கிக் குடுத்துட்டு இப்போ கணக்கு தப்புங்கறீங்களா? முப்பத்தாறு வருஷம் கடல்ல இருக்கற ஆளும்மா அவரு! கண்ணைக் கட்டிக்கிட்டு அம்பு விட்டிருக்கீங்க. மூடுங்க இந்தக் கடையை! இன்னைக்கே மூடுங்க!"

பச்சைப் பட்டியலில் மிதந்துகொண்டிருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. புதுக் கணக்குப்படி அவர்கள்தான் இனிமேல் மெதுவாக வர வேண்டும், அவர்களுக்கு இடி முழங்கியது வசதியாகப் போயிற்று. அண்ணி திட்டு முழுவதையும் நின்றபடி வாங்கிக்கொண்டார். கடைசியில், "நீங்க சொல்றது எல்லாமே சரி. ஆனா தப்பு என்னோட கணக்குல. மெதுவா வர்றதுல இல்ல. ரெண்டு வாரம் குடுங்க. தண்ணியைக் கேட்டு அளந்து காட்டறேன்" என்றார்.

"நான் நேர்ல வந்து பாப்பேன்" என்றார் இடி.

"வாங்க. நாற்காலி போட்டு வைக்கறேன்."

இரண்டு வாரம் எளிதாக இல்லை. எதிர்த் தண்ணீரில் வருகிற கப்பல் தண்ணீரில் பத்து என்றால் தரையில் ஏழுதான் நகரும். "இது கப்பலா, குழந்தை தவழறதா?" என்று ஒரு கேப்டன் கத்தினார். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் ரேடியோவையே குறைத்து வைத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு இடி வந்து, போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். காதுக்காரி கடலடி மைக்கின் சத்தத்தை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தாள். புதுக் கணக்கைத் தாளில் குறிக்க நான் இருந்தேன்.

திரையில் கால்வாய் வாசலில் ஒரு முக்கோணம் நுழைந்தது. சிவப்புக் கிழம். கரையில் கப்பலைக் கட்ட இடம் கிடைத்த நேரம் அப்படி அமைந்துவிட்டதால், அந்த மனுஷர் வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு எதிர்த் தண்ணீரில் வந்துகொண்டிருந்தார். வேகம் சரியாகப் பத்து. இதுநாள் வரை அது நல்ல எண்.

அண்ணி மைக்கை எடுத்தார்.

"கேப்டன், ஒரு விஷயம் சொல்லணும். எல்லாரும் கேக்கற இந்தச் சேனல்லயே சொல்றேன், ஏன்னா நான் உங்களைப் பாத்துச் சிரிச்சதும் இதே சேனல்லதான். தண்ணி தள்ளுதுன்னு நீங்க சொன்னது சரி. என் கணக்கு தப்பு. ஆறு வாரம் உங்க பேரை அநியாயமாச் சிவப்புல போட்டோம். உங்க கம்பெனிக்கு இன்னைக்குக் காலையில எழுதிட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க."

"கேட்டாச்சு" என்றார் முசுடு.

"இன்னொண்ணும் கேக்கணும். கேக்க எனக்கு முகம் இல்ல. இன்னைக்குத் தண்ணி எதிர்ல மூணு ஓடுது. நீங்க திரையில ஏழு காட்டினாத்தான் தண்ணியில பத்து."

"ஏழா? ஒரு மணி நேரம் போயிடும். வேகமா வர்றேன்னு ஒரு கடிதம் வாங்கியாச்சு. இன்னைக்கு லேட்டா வந்தா அதுக்கு ஒரு கடிதம் வரும். யாரு வாங்கறது?"

"தெரியும் கேப்டன். உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்ல. கேக்க மட்டும்தான் முடியும்."

இடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். பத்து. பத்து. அந்த எண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று வந்தது எனக்கு. பிறகு ஒன்பது புள்ளி எட்டு. ஒன்பது. எட்டரை. ஏழில் வந்து நின்றது.

ஸ்பீக்கரில் இருந்த உறுமல் இறங்கிக்கொண்டே போனது. கப்பல் மைக்கை நெருங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அந்த உறுமலுக்கு அடியில் வேறு ஏதோ கேட்டது. யாரோ தொண்டைக்குள்ளேயே முனகுகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து அதற்குப் பதிலாக, கீச்சென்று இன்னொன்று, சின்னதாக. மறுபடி அந்த முனகல்.

காதுக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். "தாயும் குட்டியும். இதுங்க சத்தமா பேசாது அக்கா, வேற எதுவும் காதுல வாங்கிடக் கூடாதுன்னு கிசுகிசுன்னுதான் பேசிக்கும். எதிர்த் தண்ணியில கப்பல் வர்றப்ப நான் இதைக் கேட்டதே இல்ல. இந்த நாலு மாசமும் கப்பல் வந்தா இதுங்களுக்கு ஒண்ணோட குரல் ஒண்ணுக்குக் கேட்டிருக்காது."

அப்போது ரேடியோவில் முசுடு தானாகவே பேசினார். "கன்ட்ரோல். கீழ மைக் இருக்குன்னாங்களே. ஏதாவது கேக்குதா?"

அண்ணி செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். பொதுச் சேனலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே நீட்டினார். எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை. நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள், பைலட் படகுகள், இழுவைப் படகுகள், எல்லாருக்கும் அது போயிருக்கும்.

"அந்தக் கீச்சுன்னு கேட்டது," என்றார் முசுடு, "சின்னதா?"

"சின்னது கேப்டன். பொறந்து ரெண்டு மாசம் இருக்கும்ங்கறாங்க. உங்களுக்கு முன்னால, இடது பக்கம், ஒரு மைல்." அண்ணி அழுதுவிட்டார். பேசுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஆள், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்கும் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது, எழுதிக்கொண்டிருந்த தாளைக் கெடுத்துவிட்டேன்.

இடி நாற்காலியை விட்டு எழுந்தார். போயிற்று, இனி ஒரு மணி நேரத் தாமதத்துக்கு இங்கேயே முழங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மைக்கைத் தன் கையில் எடுத்தார்.

"கேப்டன், நான்தான், உங்க ஏஜென்ட்." அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "லேட்டுக்குக் கடிதம் வந்தா நான் வாங்கிக்கறேன். நீங்க நிதானமா வாங்க." மைக்கை வைத்துவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கூட்டத்துல என் கை மேல இருக்கும்மா. மத்தவங்க கையையும் நான் பாத்துக்கறேன்."

நாங்கள் நான்கு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு என்று இருந்த எண் ஆறே முக்கால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. பிறகு ஆறு. ஆறு வேண்டுமென்று கேப்டனிடம் யாருமே கேட்கவில்லை.